கார்பெட் போன தரை

மார்ச் 3, சனி

இன்று கார்பெட்டில் கை வைத்தேன். அந்தத் தூசிதான் என் மனைவிக்கு ஆகவில்லை, அதை எடுத்தால் மூச்சிரைப்பு நிற்கும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள்தான், ஒரு மாதமாகிறது. ஆள் வைத்து எடுத்தால் என்ன என்கிறார் மச்சான். என் வீட்டுக் குப்பையை நான் வாருகிறேன், அவருக்கென்ன?

மூலையில் குறடு போட்டு இழுத்தேன், பர்ரென்று வந்தது. அந்த உற்சாகத்தில் வெட்டாமல் முழுசாகச் சுருட்டிவிட்டேன். சுருள் நடைவழி வளைவில் சிக்கிக்கொண்டது. நான் இந்தப் பக்கம், சமையலறை அந்தப் பக்கம். மத்தியானச் சாப்பாடு போச்சு.

மார்ச் 4, ஞாயிறு

சுருளைத் துண்டு துண்டாக அறுத்து வெளியே தள்ளினேன். முதலிலேயே பட்டை பட்டையாக வெட்டியிருக்க வேண்டும். சொல்லிச் சிரிக்கலாமென்று போன் போட்டேன். மச்சான் எடுத்தார். தூங்குகிறாளாம். பகல் பதினொரு மணிக்கா?

மார்ச் 6

அடியில் விரித்த ஸ்பாஞ்ச், தொட்டால் மாவாக உதிர்கிறது. அவள் படுக்கும் பக்கம் பூஞ்சை பிடித்துக் கறுத்திருக்கிறது. நாற்றம், நாற்றம் என்று புலம்பியது இதைத்தானா? சனியன் பிடித்த கார்பெட். எல்லாம் இதனால்தான்.

மார்ச் 7

இருமல். இப்போது எனக்கு.

மார்ச் 10, சனி

ஸ்பாஞ்சும் போயாச்சு. ஆணிப் பட்டை மட்டும் பாக்கி — கார்பெட்டைக் கவ்விப் பிடிக்கச் சுவரோரம் அடித்த கட்டை, முழுக்க முள் முள்ளாக ஆணி. பெருவிரலைப் பதம் பார்த்துவிட்டது. போகட்டும். சாயங்காலம் அவளே போன் செய்தாள். நாளைக்கு வருகிறாளாம். வருகிறாள்!

மார்ச் 11, ஞாயிறு

வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவளை, ஆணி இருக்கு, போட்டுக்கிட்டே வா என்று நானே சொன்னேன். மீட்டர் பார்க்க வந்த ஆள் மாதிரி செருப்புக் காலோடு அறை அறையாகப் பார்த்தாள். தரை நல்லா இருக்கு என்றாள். ஒரு தடவைகூட இருமவில்லை. அப்புறமென்ன, பெட்டியை எடுத்துட்டு வரட்டுமா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கார்பெட்டாலதான்னு நானும் நம்பினேன். இப்ப அதுவும் இல்ல. ஆனா இங்க வரணும்னு பஸ்ல ஏறினதுமே நெஞ்சு அடைக்குதே, நான் என்ன பண்ண?"

ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். சண்டையாவது போட்டிருக்கலாம். அலமாரியிலிருந்த மிச்சத் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

மார்ச் 14

வேலை ஓடவில்லை. யாருக்காக?

மார்ச் 18, ஞாயிறு

கடைசி ஆணிப் பட்டையையும் பெயர்த்தாயிற்று. பெருக்கித் துடைத்து, மண்டியிட்டு உள்ளங்கையால் மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு முள்கூட இல்லை. இனி யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வரலாம்.