மதினியின் தொட்டிவண்டி

மதினி,

இன்று காலை சிவகாசியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றிருந்தேன். வீட்டுக் குழாய்க்கு ஒரு நட்டு வேண்டியிருந்தது. கடைக்காரர் ஒரு தட்டு நிறையப் பித்தளைச் சாமான்களைக் கொண்டுவந்து முன்னால் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, என்னை அறியாமலே கையை மூக்கருகே கொண்டுபோனேன். வேர்வையும் பித்தளையும் கலந்து லேசாகக் கசக்கும் வாசம், உங்கள் கையில் இருந்த அதே வாசம். "என்ன அண்ணாச்சி, மோந்து பாத்துத்தான் வாங்குவீகளா?" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே என்று உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போன ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

எம். புதுப்பட்டிப் பக்கம் நீங்கள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறை வெடித்த பிறகு, உங்கள் கால்கள் இரண்டும் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. யாரோ ஓர் இரும்புத் தகரத்தைத் தரையில் இழுத்ததுதான் காரணம் என்றார்கள். வெயில் என்றும் சொன்னார்கள். உங்களுக்கு இரும்புதான் காரணம், அதில் மாற்றமே கிடையாது. அதற்கு முந்தின வருடம்தான் அண்ணன் மஞ்சள்காமாலையில் போயிருந்தார். ஆக, எங்கள் வீட்டில் இரண்டு சாமான்கள் சும்மா கிடப்பதாக ஊர் கணக்குப் போட்டது. ஒன்று அண்ணனின் பழைய புல்லட். இன்னொன்று நீங்கள்.

பெரியப்பா வந்து உட்கார்ந்து, உங்கள் காதுபடவே சொன்னார். "வண்டிய வித்துருவோம். இவளுக்கு ஒரு மூலையில கஞ்சி ஊத்துனா கெடந்துட்டுப் போறா."

நீங்கள் பாயில் இருந்தபடியே தலையை நிமிர்த்தினீர்கள். "அந்த மூலையில நீங்க போயிக் கெடங்க மாமா. எனக்கு வேலைக்குப் போகணும்."

பெரியப்பா காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். எனக்கு உள்ளுக்குள் குலவையிட வேண்டும் போலிருந்தது.

வேலை இருந்தது. நான் வேலை பார்த்த சிவகாசி அச்சகத்திலேயே பைண்டிங் பிரிவில் உட்கார்ந்தபடி காலண்டர் அட்டையில் தேதித்தாள் கட்டை ஒட்டுகிற வேலை. கை ஓடினால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. பஸ்ஸில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். கம்பெனி வேன்காரர் சீசன் நேரத்தில் நின்று ஏற்ற முடியாது என்று கையை விரித்தார். புல்லட்டின் பின்னால் உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளக் காலில் வலு இல்லை. "என்னைய டெய்லி தூக்கி ஏத்தி எறக்குறதுக்கு நா என்ன லோடா?" என்று கேட்டீர்கள். அப்புறம் நீங்களே யோசனை சொன்னீர்கள். சின்ன வயதில் மதுரையில் ஒரு குடும்பம் ஸ்கூட்டரின் பக்கவாட்டில் தொட்டி மாட்டிப் போனதைப் பார்த்திருக்கிறீர்களாம். "அது மாதிரி ஒண்ணு புல்லட்டுக்கு மாட்டுலே. நானே தவந்து ஏறி உக்காந்துக்கிடுவேன். ஒருத்தரும் என்னையத் தொட வேணாம்."

மதுரைப் பழைய இரும்புக் கடையில் அப்படி ஒரு பக்கத் தொட்டியை, சைடுகாரை, கண்டுபிடித்தேன். உள்ளே கோழி அடைத்து வைத்திருந்தார்கள். விருதுநகர்ப் பட்டறைக்காரர் அதையும் புல்லட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது ஸ்கூட்டருக்குப் பொறந்தது அண்ணாச்சி. புல்லட்டு பக்கத்துல நின்னா கன்னுக்குட்டி மாதிரி இருக்கு," என்றார். சின்னச் சக்கரத்தைக் கழற்றிப் பெரிய சக்கரம் போட்டார். கனமான குழாயை வளைத்துப் புதுச் சட்டம் கட்டினார். இழுக்கத் தெம்பு வேண்டுமே என்று புல்லட்டின் பல்சக்கரத்தையும் மாற்றினார். பொறி பறக்கிற வெல்டிங் வேலை ஒன்றுகூட நம் ஊரில் நடக்கக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள்.

சேர்த்து மாட்டும் நாளில் உங்களை ஒரு டாக்சியில் விருதுநகருக்குக் கூட்டிப்போனேன். இரண்டு நீளப் பலகைகள். ஒன்றைப் புல்லட்டின் இரண்டு சக்கரங்களையும் ஒட்டிப் போட்டு, இன்னொன்றைத் தொட்டியின் சக்கரத்தை ஒட்டிப் போட்டு, முன்னும் பின்னும் இடைவெளியை அளக்க வேண்டும். முன்னால் ஒரு விரற்கடை குறைந்திருந்தால்தான் வண்டி நேராகப் போகும். இல்லாவிட்டால் கையைப் பிடித்து ஒரே பக்கமாக இழுக்கும். ஆளின் எடையை உள்ளே வைத்துத்தான் அதைப் பார்க்க முடியும். பட்டறைக்காரர் மணல்மூட்டை தேடினார்.

"மூட்டைய வச்சு என்னைய அளப்பீகளோ?" என்றீர்கள். "தள்ளுங்க."

எல்லோரும் பார்க்க, தரையில் தவழ்ந்து, சட்டத்தைப் பிடித்து எம்பி, தொட்டிக்குள் போய் விழுந்தீர்கள். சேலை முழுக்கக் கிரீஸ். பட்டறைக்காரர் கூச்சத்தில் பலகையைப் பார்த்தே பேசினார். உங்களை உட்காரவைத்து அளந்து, தட்டி, மறுபடி அளந்து, புல்லட்டைத் துளி வெளிப்பக்கம் சாய்த்து, அந்த இரண்டையும் சேர்த்து நிறுத்தினார். வண்டி உங்கள் எடைக்கு அமைந்தது.

அப்போதுதான் மடியிலிருந்து அந்தத் துணிப்பொட்டலத்தை எடுத்தீர்கள். தொட்டியைப் புல்லட்டோடு பிணைக்கும் நான்கு இடத்துக்கும் நான்கு பித்தளை போல்ட். எனக்கே தெரியாமல் லேத் பட்டறையில் சொல்லிச் செய்திருக்கிறீர்கள்.

"இது குத்துவெளக்கு இல்லம்மா, வண்டி," என்றார் பட்டறைக்காரர். "பித்தளை தாங்காது."

"பெட்ரோல் டேங்கு மேல இருக்கு. கீழ இரும்போட இரும்பு உரசிப் பொறி வந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். அவர் விருதுநகர்க்காரர், அவருக்கு அது பைத்தியக்காரத்தனம். நம் ஊர்க்காரர் யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. பட்டாசு ஆலைக்குள் சுத்தியல் முதல் கரண்டி வரை மரம் அல்லது பித்தளை. இரும்பு வாசலோடு நின்றுவிட வேண்டும். நீங்கள் பதினாறு வயதில் அந்த வாசலுக்குள் போனவர். கடைசியில் பட்டறைக்காரர் பித்தளையையே போட்டார்.

நன்றாகத்தான் வந்தோம் மதினி. திருத்தங்கல் தாண்டும்போது நீங்கள் பாட்டுக்கூடப் பாடினீர்கள், ராகமே இல்லாமல். புதுப்பட்டி எல்லையில் வேகத்தடை. சாயங்காலம், ஆலை வேன்கள் எல்லாம் திரும்பும் நேரம். முதலில் டப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொன்று. என் பக்கத்திலிருந்து நீங்கள் தொட்டியோடு தனியாகக் கழன்று, கருவேல முள்ளுக்குள் போய்விட்டீர்கள். வேனிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

முள்ளுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏலே, என்னையத் தூக்கிறாத. மொதல்ல போல்ட்டத் தேடு."

டீக்கடையிலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். "நா அன்னைக்கே சொன்னேன்ல! பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டு வீம்பு? பேசாம வீட்டுல கெட." ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நெற்றியில் ரத்தம் வழிய நீங்கள் அறுந்த பித்தளைத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அழுதுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன்.

"வீம்பு இல்ல மாமா, தப்பு," என்றீர்கள். "தப்பு பண்ணுனா மாத்திக்கிடணும். அதுக்கு எதுக்கு வீட்டுல கெடக்கணும்?"

மறுபடி விருதுநகர். பட்டறைக்காரர் கனத்த எஃகு போல்ட்டுகளை எடுத்து வைத்தார். ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "இங்கன குடுங்க," என்று கையை நீட்டினீர்கள். வெடிச்சத்தத்துக்குப் பிறகு வீட்டில் இரும்பு வாளியை யாராவது இழுத்தாலே காதைப் பொத்துகிற ஆள் நீங்கள். ஸ்பேனரை நட்டில் மாட்டினீர்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தீர்கள். கிரீச்சென்று ஒரு சத்தம். மேலுதட்டில் வேர்வை அரும்பியது. கண்ணைத் திறந்து நட்டையே பார்த்தீர்கள். "பொறி வரலையே," என்றீர்கள், ஏதோ அதனிடமே கேட்பதுபோல. பிறகு மற்ற மூன்றையும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே முடுக்கினீர்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அப்புறம் தினமும் போனோம். என் வீட்டுக்காரி இரண்டு தூக்குச்சட்டி கட்டி உங்கள் மடியில் வைப்பாள். நான் தனியாக ஓட்டினால் இடது வளைவில் தொட்டி தரையை விட்டு எழும்பிக் குதிக்கும். நீங்கள் உட்கார்ந்தால் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போகும். ஊர் சும்மா இருக்குமா? புருஷன் போனவள் கொழுந்தனோடு சிவகாசிக்குப் போகிறாள், வருகிறாள் என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஒரு நாள் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தினேன். உள்ளே இருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னீர்கள்: "பின்னால உக்காந்தா ஒட்டிக்கிட்டுப் போறான்னு சொல்லுவீக. நா தனியாத் தொட்டியில போறேன். எடவெளி எம்புட்டுன்னு சந்தேகமிருந்தா பலகை கொண்டாந்து அளந்துக்கோங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "எடுலே வண்டிய, காலண்டர் ஆர்டர் நிக்கிது," என்றீர்கள். அதற்கப்புறம் நம் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் பேசவில்லை.

உங்களைக் கொண்டுபோனது அந்த வெடி இல்லை, வண்டியும் இல்லை. வெறும் காய்ச்சல். முந்தின நாள்வரை வேலைக்குப் போயிருந்தீர்கள்.

கருமாதிப் பந்தியில் பெரியப்பா என் எதிரே உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது அவருக்கு. நிஜமாகவே கண் கலங்கித்தான் சொன்னார். "பாவம்லே அவ. கடைசி வரைக்கும் ரோட்டுலயே சீரழிஞ்சு போயிட்டா."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து இழுத்தாள். பந்தியே என்னைப் பார்த்தது.

"அவக சீரழியல பெரியப்பா," என்றேன். "நல்லாத்தான் இருந்தாக."

கடைசி வரிசைவரை கேட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ விசேஷ வீடுகளில் உங்களைப் பற்றி உச்சுக்கொட்டியிருக்கிறார்கள். ஒன்றைக்கூட நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததில்லை. சாப்பாடு பாதியில் நின்றாலும் சரி, எழுந்து நின்று அதையே சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன், மதினி.