படகின் பின்பலகை

அன்புள்ள அக்கா,

நடந்ததை ஒன்றுவிடாமல், பொய் கலக்காமல் எழுதுகிறேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உங்கள் ஊர்ச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். உனக்கு இது பேறுகால மாதம் என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. நீ விரும்பியவரோடு கோமுகி அணைக்கு அக்கரையில் குடியேறியதிலிருந்து இங்கே உன் பேச்சே கிடையாதே. ஆஸ்பத்திரியோ இக்கரையில் இருக்கிறது.

நேற்று அப்பா பழைய அலுமினியப் படகைக் கொட்டகைக்குள் இழுத்துவந்தார். எஞ்சின் மாட்டும் பின்பலகை உளுத்து, தொட்டதும் உதிர்ந்தது. தன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றி, அளவாக அறுத்துப் பொருத்தி, போல்ட்டுகளை முடுக்கி, இடுக்கெல்லாம் தார் உருக்கி அடைத்தார்.

"இன்னாத்துக்குங்க இப்ப படகு?" என்றாள் அம்மா.

"மீனு புடிக்கத்தான்."

"வலையக் காணோம். என் தலகாணியும் ஜமுக்காளமும் படகுல கெடக்குது. மீனு படுத்துக்கினு வருமா?"

அப்பா தார்ச் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தார். அம்மா உள்ளே போய், நைந்த பருத்திப் புடவையைக் கிழித்து, சிறு சிறு துணியாக மடித்துக் கொண்டுவந்து தலையணைமேல் வைத்தாள். அதற்கடியில்தான் இந்தக் கடிதத்தை வைக்கப்போகிறேன். எத்தனை மீன் கிடைத்தது என்று அப்பாவிடம் கேட்டுவிடாதே.

இன்று கொட்டகைக் கதவைச் சாத்தி, பல்பை அணைத்துவிட்டு, பின்பலகையின் வெளிப்பக்கம் டார்ச் அடித்தார். நான் படகுக்குள் குனிந்து, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று தேடினேன்.

"நல்லா பாரும்மா. அவ நனையக் கூடாது" என்றார்.

ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. "ஒழுவாதுப்பா" என்றேன். டார்ச்சையும் அணைத்துவிட்டார்.

உன் தங்கை