இரட்டை முடிச்சு

மார்ச் 3

சலவைக்கூடத்தில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் யார் எத்தனை மூட்டை பிரித்தார்கள் என்று மேற்பார்வையாளர் அதில் எழுதுவாராம். எனக்கு அழுக்குப் பக்கம் வேலை. மருத்துவமனை வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளை ஒவ்வொன்றாக இரண்டு முனையைப் பிடித்து உதற வேண்டும். உதறினால்தான் உள்ளே சுருண்டு கிடப்பது கீழே விழும். பிறகு வகை பிரித்து, மூட்டை கட்டி, இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். போன மாதம் எனக்குக் கிடைத்தவை: ஒரு கத்தரிக்கோல், இரண்டு கரண்டி, ஒரு பல் செட்டு.

இன்று பலகையில் நான்தான் கடைசி. உதறுவதற்கு அதில் கட்டம் இல்லை.

மார்ச் 5

இயந்திரத்தில் துணி போடும் அக்காவுக்கு நான் வைத்த பெயர் ஆமென் அக்கா. சாப்பிடும் முன் கண்ணை மூடி இரண்டு நிமிடம் ஜெபம். பிறகு ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளுவாள். வேண்டாம் என்பேன். "நீ வேணாம்னு சொல்றது எனக்குத் தெரியும், ரொட்டிக்குத் தெரியாதே" என்பாள்.

அதற்காக அவள் புனிதை ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டுக் கதை என்றால் இரண்டு காதும் போதாது. அவள் பாட்டுக்கும் தாளத்துக்கும் பிறவிப் பகை.

பாத்திரம் கழுவும் கையுறையைக் கொடுத்து நோயாளித் துணியைத் தொடச் சொல்கிறார்களே, இது உங்கள் கர்த்தருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அத மேனேஜர்கிட்ட கேளு. கர்த்தர் கொள்முதல் பிரிவுல இல்ல."

மார்ச் 7

அம்மா தேவாலயத்துக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. பொறுமை, தாழ்மை, மன்னிப்பு — பாடம் எல்லாம் கீழே இருப்பவர்களுக்குத்தானா? மேலே இருப்பவர்களுக்குப் பரீட்சையே கிடையாதா?

மார்ச் 8

பலகையில் இரண்டாம் இடம். உதறுவதை விட்டுவிட்டேன். மேலாகத் தட்டிப் பார்ப்பதோடு சரி.

மார்ச் 9

அக்கா கையில் ஊசி ஏறிவிட்டது.

விரிப்பு மடிப்புக்குள் மூடியில்லாத ஊசி. கையுறையைத் துளைத்து உள்ளங்கையில். யாருக்குப் போட்ட ஊசியோ, அவருக்கு என்ன நோயோ, தெரியாது. தொற்று வராமல் தடுக்க இருபத்தெட்டு நாள் மாத்திரை. ஆறு வாரத்தில் இரத்தப் பரிசோதனை, மூன்று மாதத்தில் இன்னொன்று.

அது என் மூட்டை. மூட்டை வாயை ஒவ்வொருவரும் ஒரு மாதிரி கட்டுவோம். நான் இரட்டை முடிச்சு, அதுவும் கோபத்தோடு இறுக்கி. "உன் முடிச்ச அவுக்கறதுக்குள்ள என் நகம் போயிடுது" என்று தினமும் திட்டுவாள். அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் துணியை வகை பிரித்தவர் யார் என்று விபத்துப் படிவத்துக்காக மேற்பார்வையாளர் கேட்டபோது, முடிச்சைக் கவனிக்கவில்லை என்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்த ஆள். பெயர் வந்தால் மறுநாள் வாசலுக்கு வெளியே.

மார்ச் 12

மாத்திரை அவளுக்குக் குமட்டுகிறது. ரொட்டி முழுவதையும் என் பக்கம் தள்ளுகிறாள். எப்படித் தின்பேன் அதை?

மார்ச் 15

கேட்டே விட்டேன். என் மூட்டைன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல? பெரிய மனசா? யாரு கேட்டா உங்கள?

"யாரும் கேக்கலடி. ரெண்டு நாள் உன்ன மனசுக்குள்ள கிழிகிழின்னு கிழிச்சேன். தொட்டா ஒட்டாதுன்னு நர்ஸ் சொல்றாங்க, ஆனாலும் பிள்ளைங்கள கட்டிப் பிடிக்கப் பயமா இருக்கு. உன்ன வெளிய அனுப்பிட்டா என் ரத்தம் சுத்தமாயிடுமா?" பிறகு, "என்னை மட்டும் கர்த்தர் தகுதி பாத்தா சேத்துக்கிட்டாரு?" என்றாள்.

நியாயம் என்றால் நான் வெளியே போக வேண்டும். கையுறை வாங்கியவரும் பலகை மாட்டியவரும் என்னோடு வர வேண்டும். அவள் செய்தது நியாயத்தில் அடங்கவில்லை.

மார்ச் 17

படிவத்தைப் பார்த்தேன். காரணம்: ஊழியரின் கவனக்குறைவு. ஊழியர் என்றால் அக்கா! அவள் மன்னித்தது என்னை. தப்பித்தது அந்தப் பலகையும்தான். எனக்குக் கிடைத்த மன்னிப்பை அதை மாட்டியவர்களுக்கும் நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

மார்ச் 18

தொற்றுத் தடுப்புச் செவிலியரிடம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மூட்டை என்னுடையது. எட்டாம் தேதியிலிருந்து நான் உதறவில்லை. பலகை எப்போது வந்தது, கையுறை எத்தனை மெல்லியது — அதையும் எழுதினேன். இரண்டு தடவை படித்தார்.

"இது உங்க வேலைக்கே உலை வைக்கும். தெரியும்ல?"

தெரியும் என்றேன். தைரியம் எல்லாம் இல்லை. அந்த ரொட்டியைத் தின்ன முடியவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 19

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் ஒப்பந்தக்காரர். அக்கா வாசல் வரை வந்தாள். "நான் வாய மூடிக்கிட்டதெல்லாம் வீணா? லூசாடி நீ?" அழுதாள். எனக்கும் வந்தது.

ஏப்ரல் 2

ஒரு விடுதிச் சலவையறையில் வேலை. விருந்தாளிகளின் விரிப்பு. ஊசி வராது. இருந்தாலும் உதறுகிறேன். ஏன் இத்தனை மெதுவாகச் செய்கிறாய் என்று கேட்கிறார்கள்.

ஏப்ரல் 6

அக்கா தொலைபேசியில் சொன்னாள்: கடைசி மாத்திரை முடிந்தது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். தடித்த கையுறை வந்திருக்கிறது, ஆனால் ஒரே அளவு — யானைக்குத் தைத்த மாதிரி.

ஏப்ரல் 20

விடுப்புச் சொல்லிவிட்டுப் பரிசோதனைக்கூடத்துக்கு அவளோடு போனேன். காலையில் இரத்தம் கொடுத்தோம் — கொடுத்தது அவள்தான். முடிவு வர மதியம் ஆனது. தொற்று ஒன்றும் இல்லை. ஜூனில் இன்னொன்று இருக்கிறது. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.

என்னிடம் ஒரு ரொட்டி இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிய்த்தேன். அவள் கண்ணை மூடினாள். நான் மூடவில்லை, ஆனால் அவள் திறக்கும் வரை வாயில் வைக்கவும் இல்லை.

தன் பாதியைத் தின்று முடித்து என் பாதியைப் பார்த்தாள். நீட்டினேன். அதையும் தின்றாள். ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.