தட்டுத் துணியில் ஒரு காலியிடம்

என் பிரியமுள்ள டாக்டர் சாரே,

எழுத்து என் கடைசி மருமகளுடையது, பேச்சு என்னுடையது. உங்கள் நினைவு மலருக்கு நாலு வரி சொல்லித் தரும்படி உங்கள் மகள் கேட்டாள். அவளும் மாட்டு டாக்டராகிவிட்டாள், தெரியுமா? உங்களைப் போலவே இடது கையால் தையல் போடுகிறாள்.

நம் தட்டுத் துணியைக் கண்ணாடி போட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டப் போகிறாளாம். உங்களுக்கு உதவியாளாய் நின்ற, எழுத்தறியாத நான் கத்தி, கத்தரி, ஊசி, இடுக்கி என்று ஒவ்வொன்றின் வடிவத்தையும் கறுப்பு நூலால் தைத்து வைத்த துணி. சாமான்களோடு அதையும் வேகவைத்துத் தட்டில் விரிப்பேன். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றும் தன் கோட்டுக்குள் வந்து படுக்க வேண்டும். ஒரு கோடு காலி என்றால் அந்தச் சாமான் மாட்டுக்குள் கிடக்கிறது. அதனால்தானே வயிற்றை மூடுமுன் கேட்பீர்கள்: "அண்ணாச்சி, தட்டு நெறஞ்சாச்சா?"

"பெரியப்பா, இந்தத் துணி பொய் சொல்லாதுன்னு அப்பா சொல்லுவாவ" என்றாள் உங்கள் மகள். அதனால்தான் மருமகளைக் கூப்பிட்டு எழுத உட்காரவைத்தேன்.

இரணியலில் கம்பி விழுங்கிய சிவலைப் பசு நினைவிருக்கிறதா? நின்ற நிலையிலேயே இடது விலாவை மரத்துப்போக வைத்துக் கீறினீர்கள். கம்பியை வெளியே எடுத்ததும் அதன் சொந்தக்காரி தங்கம்மை பசுவையே ஏசினாள். "எனக்க கொடிக்கம்பியாக்கும் இது! கள்ளி, நான் துணி காயப்போட வழியில்லாம தேடிட்டு நடக்கேன்!"

எல்லோரும் சிரித்தோம். சிரித்தபடியே தட்டைப் பார்த்தேன். ரத்தக்குழாயை நெரித்துப் பிடிக்கும் சின்ன இடுக்கியின் கோடு காலி.

காலையில் கொதிக்கவைத்த பெட்டியிலேயே அதை விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்தேன், சாரே. முந்தின வாரம்தான் ஊசியை மறந்து உங்களிடம் ஏச்சு வாங்கியிருந்தேன். பையில் கிடந்த மாற்று இடுக்கியை எடுத்துக் கோட்டுக்குள் வைத்தேன். நீங்கள் கேட்டீர்கள்.

"நெறஞ்சாச்சு சாரே" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன். தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

அன்றே சொல்லியிருந்தால் மறுபடி திறந்து எடுத்திருப்பீர்கள். மறுநாள் பசு வைக்கோல் தின்றது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். ஒன்பதாம் நாள் அது காய்ச்சல் கண்டு செத்தது. அறுத்துப் பார்க்காமலே தென்னைமூட்டில் புதைத்தார்கள்.

"அண்ணாச்சி, நான் கைய ஒழுங்கா கழுவல்லியோ?" என்று கேட்டீர்களே. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் தோல் உரியத் தேய்த்தீர்கள், ஓய்வுபெறும் நாள்வரை. தண்ணீர் ஊற்றியவன் நான். "போதும் சாரே" என்பதற்குமேல் ஒரு சொல் என் வாயில் வந்ததா?

மருமகள் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"மாமா, இதையுமா எழுதணும்? மலர்ல ஊரே வாசிக்குமே."

"எழுது மக்கா."

சொன்னால் உங்கள் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லாவிட்டால் அந்தச் சுவருக்கு முன்னால் எப்படி நிற்பேன்? இத்தனை வருஷமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறேன்.

சனிக்கிழமை துணியை வாங்க வருகிறாள். முதலில் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். பிறகு அந்தச் சின்னக் கோட்டின்மேல் விரலை வைத்துக் காட்டுவேன். மாட்டுவதும் கிழிப்பதும் அவள் இஷ்டம். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் இப்போது பதில் சொல்கிறேன், சாரே. தட்டு நிறையவில்லை. உங்கள் கை சுத்தமாகத்தான் இருந்தது.

உங்கள் மகளுக்குப் பெரியப்பா முறையான,
செல்லையன்