தந்தியை நம்பாதே

மாட்டுங்கா
26-2-1945

சிரஞ்சீவி அம்மிணிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். நான் சௌக்கியம் என்பதை இன்னொரு தரம் படித்துக்கொள், காரணம் கீழே வருகிறது. டில்லியில் குளிர் விட்டதா, ஆஸ்பத்திரியில் மோராவது ஊற்றுகிறார்களா, எழுது. இங்கே ரேஷன் அரிசி அதே நாற்றம்தான். அப்பா ஆபீஸ் போயாயிற்று, அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு எழுதுகிறேன், அதற்குள் எழுந்து எழுந்து வாசலைப் பார்க்கிறேன், ஒரு இடத்தில் உட்காரவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வடாலாவிலிருந்து உன் மாமியாரும் மாமனாரும் வந்திருந்தார்கள். உன் மைத்துனன் கிட்டுவுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகும் போலிருக்கிறது. ஆனால் பெண் வீட்டார், மூத்த பிள்ளை மூன்று வருஷம் முன்னால் யுத்தத்தில் பர்மாவிலிருந்து நடந்து வரும்போது காணாமல் போய், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்கிறார்களாம். ஆகையால் மாசி முடிவதற்குள் தர்ப்பையில் உருவம் செய்து தகனம் பண்ணிக் காரியங்களை முடித்துவிட வேண்டுமாம், பத்தாம் நாள் நீ வந்து திருமாங்கல்யத்தைக் கழற்ற வேண்டுமாம். அதே நாட்களில்தான் உன் நர்ஸ் படிப்பின் கடைசிப் பரீட்சை. அதற்கப்புறம் உன்னை நர்ஸ் வேலைக்குத் திரும்ப விடுவார்களா? வடாலா சமையலறையில் ஒரு மூலைதான் மிச்சம்.

அப்பா சரி என்று தலையை ஆட்டிவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரீட்சையை விட்டுவிட்டு அம்மிணி வரமாட்டாள் என்று நான் சொன்னதற்கு, “உனக்கு சீரியஸ்னு தந்தி கொடுத்தா வராம இருப்பாளா” என்கிறார். நம் மனிதர்களுக்கு இதுவே வழக்கமாகிவிட்டது, பெண்ணை வரவழைக்க வேண்டுமானால் யாரையாவது படுக்கையில் தள்ளிவிடுவார்கள். அத்தை பெண் வாலாம்பாளுக்கு அவள் மாமனார் சாகக் கிடக்கிறார் என்று தந்தி போயிற்று, அந்த மனிதரே தாதர் ஸ்டேஷனுக்கு வந்து அவள் பெட்டியை வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம், என்னைச் சாகக் கிடத்த அப்பா பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார்.

மாப்பிள்ளை இருக்கிறாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது அம்மிணி. கூட வந்தவர்கள் அவரை ஜுரத்தோடு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு வந்ததோடு சரி. போய்விட்டார் என்றே வைத்துக்கொண்டாலும், கிட்டுவின் முகூர்த்தத்தைப் பார்த்தா அவருக்கு நாள் குறிப்பது? முதல் வருஷம் பூரா நீ இந்த ஜன்னலண்டை தபால்காரனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், சோறு போட்டால் சாப்பிடுவாய், இல்லாவிட்டால் இல்லை. அதே நீதான் போன மாதம், கால் முன்னால் வந்த குழந்தையை நானே வெளியே எடுத்தேன், டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள் என்று எழுதினாய். அதை இங்கே எல்லா மாமிகளுக்கும் படித்துக் காட்டினேன், முகம் சுளித்தவர்களுக்கும்தான். எனக்கு எத்தனை பெருமை தெரியுமா.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். கண்ட தண்ணீரைக் குடிக்காதே. பதிலை எதிர் வீட்டு சுப்புலக்ஷ்மி பேருக்குப் போடு, மறந்துவிடாதே. இது தந்திக்கு முன்னால் வந்து சேர வேண்டுமே, இப்போதே நானே போய்ப் பெட்டியில் போடப் போகிறேன். தந்தி வந்தால் மடித்து வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படி. ஒருவேளை நிஜமாகவே எனக்கு ஏதாவது ஆகி வந்த தந்தியாக இருந்தால் என்று நீ குழம்புவாய், உன்னை எனக்குத் தெரியும். அப்படியே இருந்தாலும் பரீட்சையை எழுதிவிட்டே ரயில் ஏறு. இருந்தால் காத்திருப்பேன், இல்லாவிட்டாலும் உன்மேல் எனக்கு ஒரு குறையும் இராது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அபயாம்பாள்