கட்டிக்கொடுத்த பெண் சொன்ன பெயர்கள்

சிவராத்திரிக்கு மறுநாள், 1981. ஆனையூர்.

இன்று பகலில் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், பிறந்த வீட்டுக் குலசாமிக்குப் படையல் போட்டார்கள். அதற்கு முன் செத்துப்போன முன்னோர் பெயரை வரிசையாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்பா போன பிறகு அண்ணன்தான் சொல்கிறார். இன்று நடுவில் இரண்டு பேரை விட்டுவிட்டார். நான் பின்னாலிருந்து எடுத்துச் சொன்னேன்.

"கட்டிக்குடுத்த பிள்ளைக்கு இங்க என்னத்தா பேச்சு? ஒன் சாமி ஒன் புருசன் ஊர்ல இருக்கு" என்றார், அத்தனை பேருக்கும் முன்னால்.

சித்தப்பா மகன் விடவில்லை. "தாத்தன விட்டுட்டுத் துன்னூறு வாங்க நான் வரலண்ணே."

அண்ணன் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். "எழுதிக் குடு, நான் படிக்கிறேன்."

"எழுத மாட்டேண்ணே. நானே சொல்றேன். இல்லாட்டி நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

"அத்த புடிச்சா உடும்புப்புடிதேன்" என்று அண்ணன் பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் விலகி நின்றார்.

சொன்னேன். பதினொரு பெயர், ஒன்றும் தவறவில்லை. என்னைவிட அதிகம் பள்ளிக்கூடம் போனவர் அவர். நான் அப்பா சொல்லும்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டவள்.

கடைசியில் அம்மா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அங்கே எந்தப் பெண்ணின் பெயரையும் யாரும் கூப்பிட்டதில்லை. பூசாரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மணியடித்தார். அண்ணனும் திருநீறு வாங்கிக்கொண்டார். நான் ஆனையூர் பஸ் ஏறும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

தப்பென்றால் சாமி என்னைக் கேட்கட்டும்.

அடுத்த வருஷம் அப்பாவைப் பெற்றவளையும் கூப்பிட வேண்டும். அப்பத்தா என்றே அழைத்துப் பழகியதில் அவள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான்.