பதினொன்று பத்து வண்டி

டீச்சர்,

இன்று பீரோவை ஒழித்தபோது உங்கள் பாடக் குறிப்பு நோட்டு கையில் அகப்பட்டது. ஓரமெல்லாம் சிவப்பு மையில் 11.10, 11.25 என்று ரயில் நேரங்கள். அதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. உட்காருகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி அதையே எடுத்துப் பார்க்கிறேன்.

சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் நம் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி மின்சார ரயில் போகும். ஒவ்வொரு தடவையும் நான் சாக்பீஸை மேசையில் எறிந்துவிட்டுத் திட்டுவேன். நீங்களோ அதற்குத் தகுந்தபடி பாடத்தையே மாற்றி எழுதினீர்கள். வண்டி தூரத்தில் ஹாரன் கொடுக்கும்போது கேள்வியைக் கேட்பீர்கள். சத்தம் அடங்கும்வரை யாரும் பதில் சொல்ல முடியாது. அதுவரை எல்லோரும் யோசித்துத்தான் ஆகவேண்டும்.

“வேலையத்த வேலை டீச்சர். போர்ஷனை எப்ப முடிக்கிறது?” என்றேன்.

“நீங்க கேள்வியும் கேட்டு பதிலும் சொல்லிடறீங்க. அப்புறம் பசங்க எதுக்கு ஸ்கூலுக்கு வராங்க?” என்றீர்கள்.

நாம் இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்குச் சுருக்கென்றது. குறை கண்டுபிடிக்கவே உங்கள் எட்டாம் வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“ஆணி முழுகுது. இரும்புக் கப்பல் ஏன் முழுகல?” என்று கேட்டீர்கள். வண்டி வந்தது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வண்டி போனதும், வருஷம் பூரா வாயே திறக்காத மஞ்சுளா எழுந்தாள்.

“உள்ள பூரா காத்து கீது டீச்சர், அதான்.”

நீங்கள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னமும் எரிச்சல்தான்.

பிறகு நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். உங்கள் பெருங்களத்தூர் வீட்டுக்குப் பார்க்க வந்தேன். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம்.

“கடைசி பெஞ்ச் பசங்களுக்காக இனிமே யாரு காத்திருப்பாங்க?” என்று மெதுவாகக் கேட்டீர்கள். அந்நேரம் பார்த்து ஒரு வண்டி வந்தது. அந்தச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன், “நீங்கதான். ஜூன்ல வந்துடுவீங்க.”

லேசாகச் சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது நீங்கள் இல்லை. உங்கள் வகுப்பையும் இந்த நோட்டையும் என்னிடம் கொடுத்தார்கள்.

இப்போது வேறு பள்ளி, பக்கத்தில் ரயில் இல்லை. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஒரு வண்டியை விடுகிறேன், பெட்டி பெட்டியாக எண்ணுகிறேன். பாதியிலேயே பதில் வாய்வரை வந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்றைக்கு உங்கள் படுக்கையருகிலும் வண்டி போகட்டும் என்று இருந்திருக்கலாம். “அவங்களுக்காக நான் காத்திருப்பேன் டீச்சர்” என்று சொல்லியிருப்பேன்.